பறங்கி அல்ல என்று கதவில் எழுதிய துறவி

இலங்கையின் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் இனம் என்றொரு கேள்வி இருக்கிறது. ஆங்கிலப் படிவத்தில் ‘பேர்கர்’ என்று இருக்கும் இடத்தில் தமிழ்ப் படிவத்தில் ‘பறங்கியர்’ என்று இருக்கும். ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறோம். உண்மையில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பேர்கர் என்பது ஒல்லாந்தர் தந்த சொல். நகரத்தின் குடிமகன் என்று பொருள். பறங்கி என்பது அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழைய சொல். ஐரோப்பாவின் ரைன் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஒரு கூட்டத்தாரின் பெயரிலிருந்து கிளம்பி, பாலஸ்தீனம், பாரசீகம், கோவா என்று சுற்றி மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்து சேர்ந்த சொல்.

நான் படித்த பள்ளியில் எங்கள் வகுப்பில் இரண்டு பறங்கிப் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டில் பாட்டியோடு போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் எங்களோடு தமிழும் பேசுவார்கள். சண்டை வந்தால் மட்டும் அவர்களுடைய இனப்பெயரையே நாங்கள் வசைச்சொல்லாக எறிவோம். அதே பெயரை அவர்கள் பள்ளிப் பதிவேட்டில் எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதினார்கள். ஒரே சொல் எப்படி வசையாகவும் அடையாளமாகவும் இருக்க முடியும் என்று அன்று யோசித்ததில்லை. பின்னாளில் அந்தச் சொல்லின் வழியைத் தேடிப் போனபோதுதான், அதிலிருந்து தப்புவதற்காகவே தன் வாழ்க்கையை மாற்றி அமைத்துக்கொண்ட ஒரு மனிதரின் கதை எதிர்ப்பட்டது. அவர் றொபேர்ட் டி நொபிலி. தமிழில் தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர்.

அவருடைய கதைக்குள் போகுமுன் சொல்லின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பழைய ஐரோப்பாவில் அருகருகே வாழ்ந்த ஜெர்மானியக் கூட்டங்களில் இரண்டு சாக்சன்களும் பிராங்குகளும். எட்டாம் நூற்றாண்டில் பிராங்குகளின் அரசன் சார்லமேன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாக்சன்களோடு போரிட்டு அவர்களை அடக்கினான். இரு கூட்டங்களும் பிறகு மற்றவர்களோடு கலந்து கரைந்துபோயின. பெயர்கள் மட்டும் கரையவில்லை. இன்றும் பின்லாந்துக்காரர் ஜெர்மனி முழுவதையும் ‘சாக்சா’ என்கிறார்கள். வேல்ஸ், ஸ்கொட்லாந்து மக்களின் பழைய மொழிகளில் ஆங்கிலேயரைக் குறிக்கும் சொல் சாக்சன் என்பதன் திரிபு. ஜெர்மனியின் கிழக்கே டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்ட சாக்சனி மாநிலம், பழைய சாக்சன்கள் வாழ்ந்த வடகடற்கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. ருமேனியாவில் குடியேறிய ஜெர்மன் மொழியினருக்கும் சாக்சன்கள் என்றே பெயர் விழுந்தது. அவர்களுடைய முன்னோரில் பலர் சாக்சனிப் பக்கமே போகாதவர்கள்.

பிராங்குகளின் பெயர் இதைவிடத் தூரம் போனது. பிரான்ஸ் என்ற நாடு, பிராங்பேர்ட் என்ற நகரம், பிராங்க் என்ற நாணயம் எல்லாம் அதன் வாரிசுகள். சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கிலிருந்து வந்த கிறிஸ்தவர் எல்லோரையும், அவர் எந்த நாட்டவரானாலும், அரபியர் ‘இஃப்ரஞ்’ என்றனர். பாரசீகத்தில் அது ‘ஃபரங்கி’ ஆயிற்று. வணிகரோடு இந்துப் பெருங்கடலுக்குள் வந்தது. தாய்லாந்தில் ‘ஃபராங்’ என்றால் வெள்ளையர். கொய்யாப்பழத்துக்கும் அங்கே அதே பெயர்தான். தமிழில் அது பறங்கி ஆனது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர் அந்தச் சொல் போர்த்துக்கேயர் மீது போய் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு அதற்கு எத்தனையோ வேலைகள். தமிழ்நாட்டில் பறங்கிக்காய் என்ற காய், பறங்கிப்பேட்டை என்ற துறைமுகம், சென்னைக்கு அருகே பரங்கிமலை. சித்த வைத்தியத்தில் பறங்கிப்பட்டை. இலங்கையில் தோலைப் புண்ணாக்கும் ஒரு தொற்றுநோய்க்கே பறங்கி என்று பெயர்; காலனித்துவ காலத்து மருத்துவ அறிக்கைகளிலும் அந்தப் பெயரே பதிவாயிற்று. சுற்றிவளைத்துப் போவதைப் பறங்கி கோட்டைக்குப் போனது போல என்று சொல்லும் வழக்கு சிங்களத்தில் இன்றும் உண்டு. முதலில் வந்த போர்த்துக்கேயரைக் கொழும்பிலிருந்து கோட்டே அரண்மனைக்கு வேண்டுமென்றே நீண்ட வழியில் அழைத்துச் சென்றார்களாம்.

காய், ஊர், மலை, நோய், பழமொழி. இந்தச் சொல் மனிதர்மேல் விழுந்தபோது என்ன நடந்தது என்பதற்குத்தான் நொபிலியின் வாழ்க்கை சாட்சி.

1577இல் இத்தாலியில், தஸ்கனிப் பகுதியின் மொன்ரபுல்சியானோ ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட பிரபுக் குடும்பத்தில் பிறந்தார் நொபிலி. திருத்தந்தை ஒருவரையும் கர்தினால்களையும் தந்த உறவு வட்டம் அது. புகழ்பெற்ற கர்தினால் பெல்லார்மின் அவருக்கு உறவினர். குடும்பம் எதிர்பார்த்த வாழ்வை விட்டுவிட்டு நேப்பிள்சில் இயேசு சபையில் சேர்ந்தார். 1604இல் லிஸ்பனில் கப்பல் ஏறி, 1605 மே மாதம் கோவாவில் இறங்கினார். அந்தக் கப்பல் போர்த்துக்கேயருடையது. அப்போது கீழைநாடுகளுக்கு வரும் துறவிகள் போர்த்துக்கல் மன்னரின் ஆதரவின் கீழேயே வர வேண்டும். நொபிலி இத்தாலியராக இருந்தாலும், தமிழ்க்கரைக்கு அவரைக் கொண்டுவந்தது பறங்கியரின் பாய்மரம்தான்.

முத்துக்குளித்துறைக் கரையில் தமிழ் கற்கத் தொடங்கி, 1606 நவம்பரில் மதுரைக்குப் போனார். நாயக்கர்களின் தலைநகர் அது. அங்கே அவருக்கு முன்பே பதினொரு ஆண்டுகளாக கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கேயத் துறவி பணியாற்றிக்கொண்டிருந்தார். முன்னாள் போர்வீரர். ஒரு பள்ளியும் சிறு மருத்துவ நிலையமும் நடத்தினார். வணிகத்துக்காகக் கடற்கரையிலிருந்து வந்துபோகும் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். மதுரைக்காரர் அவரை வெறுக்கவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர்கூட அவருடைய மதத்தில் சேரவில்லை.

ஏன் என்று தேடிய நொபிலிக்குக் கிடைத்த விடை இந்த ஒற்றைச் சொல். பறங்கி என்றால் மதுரையில் ஒரு நாட்டவர் என்று பொருள் இல்லை. மாட்டிறைச்சி தின்பவர், கள்ளும் சாராயமும் குடிப்பவர், ஒழுங்காகக் குளிக்காதவர், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரோடு கலந்து புழங்குபவர் என்று பொருள். அது ஒரு சாதியின் பெயராகவே ஆகிவிட்டிருந்தது. இதை அறியாத பெர்னாண்டஸ் தானும் ஒரு பறங்கி என்றே சொல்லிக்கொண்டார். கடற்கரையில் ஞானஸ்நானம் பெற வந்தவர்களிடம், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கமும் இருந்தது. கிறிஸ்துவை ஏற்கிறாயா என்று கேட்பதாகக் குருக்கள் நினைத்தார்கள். உன் சாதியை விட்டுக் கீழே இறங்குகிறாயா என்று கேட்பதாக மக்கள் விளங்கிக்கொண்டார்கள்.

நொபிலி எடுத்த முடிவு அன்றைய திருச்சபையையே அதிர வைத்தது. கறுப்பு அங்கியையும் தோல் பாதணியையும் கழற்றினார். காவி உடுத்து, மரப் பாதுகை அணிந்து, நெற்றியில் சந்தனம் இட்டார். இறைச்சி, மீன், மதுவைக் கைவிட்டார். பிராமணச் சமையற்காரர் சமைத்த சைவச் சோற்றை நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டார். பெர்னாண்டசோடு ஒரே கூரையில் வாழ்வதையும் உண்பதையும் நிறுத்தினார். பிராமணர் வாழும் பகுதியில் ஒரு குடிலில் குடியேறினார். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணரிடம் வடமொழி கற்றார். அந்த ஆசிரியரே 1609இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். தமிழோடு தெலுங்கும் அவருக்கு வசமானது.

ஆனாலும் சந்தேகம் அடங்கவில்லை. நிறத்தைப் பார்த்தவர்கள் இவரும் பறங்கிதான் என்றார்கள். 1611 அளவில் நொபிலி தன் நிலையை எழுதி வீட்டு வாசலில் எல்லோரும் காணும்படி வைத்தார். தான் பறங்கி அல்ல, பறங்கியர் நாட்டில் பிறந்தவன் அல்ல, அவர்களுடைய குலத்தோடு தனக்குத் தொடர்பு இருந்ததில்லை. இதற்குக் கடவுளே சாட்சி. தான் ரோமாபுரியில் அரசகுலத்துக்கு நிகரான குடும்பத்தில் பிறந்து துறவு பூண்டவன் என்பது அதன் சாரம். தான் போதிக்கும் வேதம் பறங்கியருக்கே உரியது என்று சொல்வது பெரும் பாவம், கடவுள் ஒரு குலத்துக்கு மட்டும் கடவுள் அல்லர் என்றும் அதில் எழுதினார்.

அந்தக் கூற்று உண்மையா என்ற கேள்வியில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. பறங்கி என்றால் போர்த்துக்கேயர் என்று கொண்டால், அவர் சொன்னது முழு உண்மை. பறங்கி என்றால் மாட்டிறைச்சி உண்பவர் என்று கொண்டால், அதையும் தன் வாழ்க்கையை மாற்றி உண்மையாக்கிக்கொண்டார். ஆனால் அரபியர் முதலில் அந்தச் சொல்லை வழங்கிய பொருளில், ரோமாபுரித் திருச்சபையைச் சேர்ந்த மேற்குக் கிறிஸ்தவர் எல்லோரும் பிராங்குகளே. அந்தப் பொருளில் ரோமாபுரிக் குருவான நொபிலியைவிடப் பெரிய பறங்கி மதுரையில் இருந்திருக்க முடியாது. பிராங்குகளின் அரசன் சார்லமேனுக்கு 800ஆம் ஆண்டு பேரரசனாக முடி சூட்டியதே ரோமில் வைத்து ஒரு திருத்தந்தைதான். சொல் பயணம் செய்துகொண்டே இருந்ததால், ஒரே வாக்கியம் உண்மையாகவும் பொய்யாகவும் நிற்க முடிந்தது.

இதில் காயப்பட்டவர் பெர்னாண்டஸ். பதினொரு ஆண்டு தனியாக உழைத்த மூத்தவர், நேற்று வந்த இளைஞர் தன்னோடு இருந்து உண்ண மறுப்பதைப் பார்த்தார். தன் இனத்தையே அவர் மறுதலிப்பதைப் பார்த்தார். 1610இல் மேலிடத்துக்கு முறையிட்டார். நொபிலி சிலை வணக்கத்தாரின் சடங்குகளை ஏற்றுக்கொண்டார், பூணூலும் குடுமியும் அனுமதித்தார் என்பது குற்றச்சாட்டு. கோவாவில் 1619இல் நடந்த விசாரணையில் எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. நொபிலி இலத்தீனில் நீண்ட விளக்கங்கள் எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களே, மதச் சடங்குகள் அல்ல என்பது அவருடைய வாதம். 1623 ஜனவரி 31ஆம் திகதி திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அந்த வழக்கங்களுக்கு அனுமதி வழங்கினார். நொபிலி வென்றார்.

ஆனால் வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. அதை நொபிலி மட்டும் செலுத்தவில்லை. கடவுள் ஒரு குலத்துக்கு உரியவர் அல்லர் என்று எழுதியவரின் சபையில் குலங்கள் தனித்தனியாகவே நின்றன. உயர்சாதிக்காரர் சேர வேண்டுமானால் தாழ்த்தப்பட்டோர் தள்ளி நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அவர் கேள்வி கேட்கவில்லை. அதற்குள் இடம் தேடினார். பின்னர் 1640இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று பண்டாரச் சாமிகள் என்ற தனிக் குருமார் வகுப்பு தொடங்கப்பட்டது. அதனால் பலர் திருச்சபைக்குள் வந்தார்கள். ஆனால் வேறொரு வாசல் வழியாக வந்தார்கள். ஒரு வசைச்சொல்லிலிருந்து தப்ப இரண்டு வழிகள் உண்டு. அந்தச் சொல்லில் ஏற்றப்பட்ட இழிவே பொய் என்று சொல்வது ஒன்று. அது பொருந்துவது எனக்கல்ல, அவர்களுக்கு என்று சொல்வது மற்றது. நொபிலி தேர்ந்தது இரண்டாவது வழி.

அவர் தமிழுக்குச் செய்ததை இந்தக் குறை மறைத்துவிடக்கூடாது. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் முதலான நூல்களை எழுதி, சமய தத்துவத்தை உரைநடையில் வாதிக்கலாம் என்று காட்டிய முன்னோடிகளில் ஒருவர் அவர். செய்யுளே இலக்கியமாக இருந்த காலம் அது. சருவேசுரன் போன்ற சொற்கள் கத்தோலிக்கத் தமிழில் நிலைக்க அவருடைய எழுத்து வழிவகுத்தது. எங்கள் வாவிக்கரைக் கத்தோலிக்க வீடுகளில் பாட்டிமார் சொல்லிவந்த பழைய செபங்களிலும் அந்தச் சொல் ஒலித்தது.

நொபிலி மதுரையைத் தாண்டி சேலம், திருச்சி என்று உள்நாட்டில் அலைந்துகொண்டிருந்த காலத்தில், கடலுக்கு இந்தப் பக்கம் அவர் ஒதுக்கிய பெயர் மண்ணில் வேர் விட்டுக்கொண்டிருந்தது. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பு வாவியின் நடுவே புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதம், கண்டி மன்னனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கொடி மாறியது, மக்கள் எல்லோரும் போய்விடவில்லை. போர்த்துக்கேய ஆண்களுக்கும் இந்த மண்ணின் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்குப் போக வேறு நாடு இல்லை. இரு பரம்பரையும் பின்னாளில் கலந்தன. ஒல்லாந்துக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் வீடுகளிலும் போர்த்துக்கேயக் கிரியோல் பேசப்பட்டது அதனால்தான். நாங்கள் பறங்கி அல்ல என்று கதவில் எழுதி வைக்கும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. அவர்களுடைய வீட்டுமொழியும், கபிறிஞ்ஞா ஆட்டமும், பெயர்களும் அவர்களைக் காட்டிக் கொடுத்தன.

முதுமையில் நொபிலி தான் விலகி ஓடியவர்களிடமே திரும்பி வந்தது விதியின் விளையாட்டு. 1640இல் மதுரையில் சிறைப்பட்டு மீண்டார். கண்பார்வை மங்கியது. 1640களின் நடுப்பகுதியில் மேலிடம் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. அங்கிருந்த இயேசு சபையினருக்குத் தலைவராகச் சில காலம் இருந்தார். 1619 முதல் போர்த்துக்கேயர் ஆண்ட பட்டினம் அது. அங்கே பறங்கி என்பது ஆளுவோரின் பெயர். பிறகு மயிலாப்பூருக்குப் போனார். அதுவும் போர்த்துக்கேயரின் குடியிருப்பு. பார்வை போன நிலையிலும் மண்குடிலில் சைவ உணவோடு வாழ்ந்து, தன் நூல்களைச் சொல்லச் சொல்லப் பிறரைக் கொண்டு திருத்தி எழுதுவித்தார். 1656 ஜனவரி 16ஆம் திகதி, எழுபத்தெட்டாவது வயதில், அங்கேயே காலமானார். இரண்டே ஆண்டுகளில் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போனது.

நொபிலி மட்டக்களப்புக்கு வந்ததில்லை. ஆனால் அவர் சேர்ந்திருந்த இயேசு சபை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்தது. வந்தவர்கள் பிரான்ஸ் நாட்டுத் துறவிகள். அதாவது பிராங்குகளின் பெயரை இன்றுவரை நாட்டுப் பெயராகவே சுமக்கும் மண்ணின் மைந்தர்கள். புளியந்தீவின் புனித மிக்கேல் கல்லூரியை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். தமிழ், பறங்கி, சோனகப் பிள்ளைகள் அங்கே ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். அந்தச் சோனகர் என்ற பெயரும் இதே மாதிரியான பயணம் செய்த சொல்தான். கிரேக்க அயோனியரைக் குறித்த யவனர் என்ற சொல்லின் வழிவந்தது அது என்பார்கள் மொழியறிஞர் பலர். அவர்களையே ஆங்கிலத்தில் மூர் என்பது போர்த்துக்கேயர் சூட்டிய பெயர். வட ஆபிரிக்காவின் பழைய மவுரி மக்களுடையது. ஆக, ரைன் நதிக்காரரின் பெயரும் கிரேக்கரின் பெயரும் வட ஆபிரிக்கரின் பெயரும் எங்கள் வாவிக்கரையில் அயல் வீடுகளாக இருக்கின்றன. அந்தப் பெயர்களின் சொந்தக்காரர் எவரும் இங்கே இல்லை.

தச்சு, இரும்பு வேலை, தையல், சப்பாத்துத் தைப்பது என்று மட்டக்களப்புப் பறங்கியரின் கைவேலை இந்த ஊரைக் கட்டியதில் பெரும் பங்கு கொண்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை டச்பார் கரையை அடித்தபோது அந்தச் சிறிய சமூகம் தாங்க முடியாத இழப்பைச் சந்தித்தது. போரும் வறுமையும் பலரை அவுஸ்திரேலியாவுக்கும் வேறு நாடுகளுக்கும் ஏற்கெனவே அனுப்பியிருந்தன. கிரியோல் மொழியைத் தடையில்லாமல் பேசுவோர் இன்று பெரும்பாலும் வயதானவர்கள். கடந்த பத்தாண்டில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து அந்த மொழியைப் பதிவு செய்தார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் நொபிலி கப்பல் ஏறிய அதே லிஸ்பன்.

பறங்கி என்ற சொல் இழிவானது, அதைப் படிவத்திலிருந்து நீக்கி பேர்கர் என்றே தமிழிலும் எழுத வேண்டும் என்போர் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. நோய்க்கும் வைத்த பெயரை மனிதருக்கு ஏன் வைக்க வேண்டும்? ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்தப் பெயரைச் சுமப்பவர்கள். அதை எறிந்து பழகிய நாங்கள் அல்ல. பெயரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், எங்கள் பக்கம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அந்தச் சொல்லுக்குள் நாங்கள் திணித்து வைத்த இழிவை வெளியே எடுப்பது. நொபிலி தன் பேரறிவோடும் தவத்தோடும் செய்யத் தவறியது அதைத்தான். அவர் பெயரிலிருந்து தப்பினார். பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

என் வகுப்பில் இருந்த அந்த இருவரும் அப்படித் தப்ப முயலவில்லை. நாங்கள் வசையாக எறிந்த அதே பெயரைப் பதிவேட்டில் தங்கள் கையெழுத்தில் எழுதிவிட்டு, வந்து எங்களோடு அதே வாங்கில் இருந்தார்கள்.